ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கு ஒரு ரியோஹா

ரியோஹா என்பது ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு வைன், நான் வாங்கிய முதல் பாட்டிலை நானே அவித்துக் கெடுத்தேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஈப்போவுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் தொண்ணூறு வெள்ளி கொடுத்து வாங்கி, காரின் பின்பெட்டியில் முறுக்கு மாவுக்கும் பூஜைச் சாமானுக்கும் நடுவே படுக்கவைத்துவிட்டு, நல்ல மத்தியான வெயிலில் மூன்று மணி நேரம் கடை கடையாக அலைந்தேன். சுங்கை சிப்புட் திரும்பி எடுத்துப் பார்த்தால் கார்க் கொஞ்சம் மேலே எழும்பி, மூடி ஓரத்திலிருந்து லேபிள் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. ராத்திரி மாமா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "தம்பி, இது அடுப்புல வெச்சு மறந்துபோன திராட்சைச் சாறு மாதிரி இருக்குப்பா" என்றார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் அதே வைனை ஒழுங்காகக் கொண்டுவந்து, ஒழுங்காகக் குளிரவைத்து, ஒழுங்கான கறியோடு வைத்தேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு மிடறு குடித்தார், கையை நிறுத்தினார், "இதுல கிராம்பு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போடவில்லை. ஆனால் அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஓக் பீப்பாயில் ஊறிய சிவப்பு வைனை நம்ம மாதிரி மலேசியத் தோட்டத்து ஊரில், முப்பத்திரண்டு டிகிரி வெயிலில், நம்ம சாப்பாட்டோடு எப்படிக் குடிப்பது என்பதற்கான குறிப்பு இது. வைன் என்றால் கோலாலம்பூர் ஓட்டல் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வெயிலும் மிளகாயும்தான் நமக்கு இங்கே எதிரி. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம், ஏனென்றால் அந்தப் பீப்பாய் தரும் வாசனைகளில் பாதி உங்கள் அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

எதை வாங்குவது

முதல் தடவைக்கு நான் சொல்வது ஸ்பெயினின் ரியோஹா, அதிலும் கிரியான்சா என்ற, இரண்டு வருஷம் ஊறிய வகை. காரணம் சொல்கிறேன், அதற்கு முன் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம்.

திராட்சையின் பெயர் தெம்ப்ரானியோ. ஸ்பானிய மொழியில் தெம்ப்ரானோ என்றால் 'சீக்கிரம்'. மற்ற சிவப்புத் திராட்சைகளுக்குச் சில வாரங்கள் முன்பே பழுத்துவிடுவதால் அந்தப் பெயர். ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் மாறும். ரிபேரா டெல் துவேரோவில் தின்தோ ஃபீனோ, தோரோவில் தின்தா தெ தோரோ, லா மாஞ்சாவில் சென்சிபெல், கத்தலோனியாவில் 'முயல்கண்' என்று அர்த்தம் வரும் ஒரு பெயர், போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கில் தின்தா ரோரிஸ், அங்கேயே தெற்கே அலென்தேஜோவில் அரகோனேஸ். ஒரே மீனுக்குக் கெடாவில் ஒரு பேர், பேராக்கில் ஒரு பேர் என்று நாம் சண்டை போடுவதில்லையா, அந்தக் கதைதான். கடையில் இந்தப் பெயர்களில் எதைப் பார்த்தாலும் அது நம்ம ஆளின் சொந்தக்காரன் இல்லை, அவனேதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தெம்ப்ரானியோ தானாகப் பெரிய வாசனைக்காரன் இல்லை. செர்ரி, பிளம்ஸ் மாதிரி ஒரு பழ வாசம், கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் பதனிட்ட தோல், மிதமான புளிப்பு, அவ்வளவுதான். அதனால்தான் பீப்பாய் அதற்கு இவ்வளவு ஒத்துப்போகிறது. வெள்ளைச் சோறு மாதிரி, கூட வருவதை எடுத்துக்கொள்ளும். பல ரியோஹாக்களில் கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ என்ற மற்ற திராட்சைகளையும் கொஞ்சம் கலப்பார்கள்.

ரியோஹா என்பது ஸ்பெயினின் வடக்கே எப்ரோ ஆற்றை ஒட்டிய வட்டாரம். வடக்குப் பக்கம் காந்தாப்ரியா மலைத்தொடர் நின்று, அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் குளிர்காற்றையும் மழையையும் தடுத்துக்கொடுக்கிறது. அல்தா, அலவேசா, ஓரியென்தால் என்று உள்ளுக்குள் மூன்று பகுதி. கடைசியைப் பழைய லேபிள்களில் பாஹா என்று பார்க்கலாம். 'பாஹா' என்றால் 'தாழ்ந்தது' என்ற அர்த்தமும் வருவதால் பெயரை மாற்றிவிட்டார்கள், நியாயம்தானே. 1991இல் ஸ்பெயினிலேயே முதன்முதலாக மிக உயர்ந்த தர அங்கீகாரம் வாங்கியது ரியோஹா. இன்றுவரை அந்த அங்கீகாரம் அதற்கும் பிரியோராத் என்ற இன்னொரு ஸ்பானிய வட்டாரத்துக்கும் மட்டும்தான்.

சரி, கடைக்குள் போய்விட்டீர்கள். பாட்டிலின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். ரியோஹாவில் ஒரு நல்ல பழக்கம், பின்லேபிளில் ஒட்டியிருக்கும் முத்திரையின் நிறமே வயதைச் சொல்லிவிடும். பச்சை என்றால் ஊறவைத்ததற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பெரும்பாலும் இளசு. சிவப்பு என்றால் கிரியான்சா: குறைந்தது 2 வருஷம் ஊறியது, அதில் 1 வருஷமாவது ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்பு என்றால் ரெசர்வா: 3 வருஷம், அதிலும் குறைந்தது 1 வருஷம் பீப்பாய். நீலம் என்றால் கிரான் ரெசர்வா: 5 வருஷம், 2 வருஷம் பீப்பாயில், 2 வருஷம் பாட்டிலில். வேறு எந்த நாட்டிலும் ஒருவர் உங்களுக்காக இவ்வளவு நாள் கிடங்கு வாடகை கட்டி வைத்திருந்து, குடிக்கிற பதத்தில் கொண்டுவந்து கடையில் வைப்பது அபூர்வம்.

எனக்குப் பிடித்தது சிவப்பு முத்திரைதான். பழமும் இருக்கும், பீப்பாயும் இருக்கும், விலையும் தாங்கும். கிரான் ரெசர்வாவில் பழம் அடங்கி, காய்ந்த இலை, காளான், பழைய மர அலமாரியைத் திறந்தால் வருகிற மணம் எல்லாம் மேலே வந்துவிடும். அது அருமைதான், ஆனால் ஆட்டுக்கறிப் பிரட்டலுக்குப் பக்கத்தில் வைத்தால் பாவம், பேச்சே கேட்காது. அதைக் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் இன்னொன்றையும் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் வெயில் படும் தட்டில் நிற்கும் பாட்டிலையும், டியூப்லைட்டுக்கு அடியில் தூசி ஏறி நிற்கும் பாட்டிலையும் தொடாதீர்கள், எவ்வளவு கழிவு கொடுத்தாலும். கார்க் மேலே தள்ளிக்கொண்டிருந்தால் என் முதல் பாட்டிலின் தம்பி அது.

பீப்பாய் என்ன செய்கிறது

மாமாவின் கிராம்புக்கு வருவோம். மாமா முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அதில் பாதிக்கு மேல் ரப்பர் சீட்டுப்பாலுக்குப் புகைபோடும் கொட்டகையில். பால் சீட்டு எந்த அடுக்கில் நன்றாக உலர்ந்தது, எதில் ஈரம் நிற்கிறது என்று உள்ளே நுழைந்ததுமே மூக்கால் சொல்வார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மூக்கு பிடித்ததை நாம் சந்தேகிக்கக் கூடாது.

ஓக் மரத்துக்குக் கருவாலி என்று தமிழில் பெயர் உண்டு, ஆனால் நம்ம பக்கம் அந்தப் பெயரைச் சொல்கிற ஆள் இல்லை, ஓக் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பலகைகளை வளைத்துப் பீப்பாய் செய்யும்போது உள்ளே நெருப்பு மூட்டிச் சூடாக்குகிறார்கள். வளைவதற்குச் சூடு வேண்டும், கூடவே உள்பக்கம் வறுபட்டும் போகிறது. நாம் மல்லியை வறுத்தால் மணம் மாறுகிற மாதிரி, மரத்துக்குள் இருக்கும் சத்துகள் உடைந்து புதிய மணங்கள் பிறக்கின்றன. அதில் ஒன்று வெனிலின், வெனிலாவுக்கு மணம் கொடுக்கும் அதே பொருள். இன்னொன்று யூஜினால், கிராம்புக்கு மணம் கொடுக்கும் அதே பொருள். வாசனைதான் ஒன்று என்றில்லை, பொருளே ஒன்று. மூன்றாவது, ஓக்குக்கே உரிய லாக்டோன், அது தேங்காய் மாதிரி மணக்கும். அதோடு கொஞ்சம் புகை. கிராம்பு, தேங்காய், புகை. இதைப் படித்துவிட்டு, இந்த வைனோடு எதைச் சாப்பிடுவது என்று கேட்பவர் கறிக்குழம்பு வைத்துப் பார்த்தவராக இருக்க முடியாது.

அமெரிக்க ஓக்கில் அந்தத் தேங்காயும் வெனிலாவும் தூக்கலாக இருக்கும். பிரெஞ்சு ஓக்கில் அடக்கமாக, மசாலா வாசம் பக்கம் சாயும். விலையிலும் வித்தியாசம் உண்டு, காரணம் மரம் அறுப்பதில் இருக்கிறது. அமெரிக்க ஓக்கின் நீர்க்குழாய்கள் தாமாகவே அடைபட்டிருப்பதால் வாளால் எப்படி அறுத்தாலும் ஒழுகாது. பிரெஞ்சு ஓக்கை மரத்தின் இழை போகிற போக்கில் பிளந்தால்தான் ஒழுகாமல் நிற்கும், அதனால் நிறைய மரம் வீணாகும். ரியோஹாக்காரர்கள் பரம்பரையாக அமெரிக்க ஓக்கைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். இப்போது பலர் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள்.

வாசனை தருவதோடு பீப்பாயின் வேலை முடியவில்லை. மரத்தின் வழியே காற்று மிக மிக மெதுவாக உள்ளே கசியும். அந்தக் காற்று பட்டுப் பட்டுத்தான் துவர்ப்பு மழுங்குகிறது, நிறம் நிலைக்கிறது. துவர்ப்பு என்றால் வேறொன்றுமில்லை, பால் விடாத தே ஓவை ரொம்ப நேரம் ஊறவிட்டுக் குடித்தால் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்குமே, பாக்கு மென்றால் வருமே, அதுதான். திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வருவதுதான் அதிகம், மரத்திலிருந்து வருவது கொஞ்சம். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது சரியாக 300 பாட்டில். புதுப் பீப்பாயில் மணம் அதிகம், நாலைந்து தடவை பயன்படுத்திவிட்டால் மணம் தேய்ந்து, காற்று விடும் வேலை மட்டும் நடக்கும். தேங்காய்ப்பால் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் கணக்குத்தான். மலிவு வைன் செய்யும் சில ஊர்களில் பீப்பாயே இல்லாமல் தொட்டியில் ஓக் சீவல்களைப் போட்டு ஊறவைக்கிறார்கள். வெனிலா மணம் முன்னால் வந்து முகத்தில் அடித்துவிட்டுப் பின்னால் ஒன்றுமே இல்லையென்றால் எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

இந்தச் சின்னப் பீப்பாய் ரியோஹாவுக்குப் பிரான்சிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சில ரியோஹாப் பிரபுக்கள் போர்தோ என்ற பிரெஞ்சு வைன் வட்டாரத்தின் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் பிலோக்செரா என்ற பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தீர்க்க, போர்தோ வியாபாரிகள் சரக்குத் தேடி மலையைத் தாண்டி வந்தார்கள், ஆரோ என்ற ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றி வைன் கிடங்குகள் முளைத்தன. அதில் ஒன்றான லோபெஸ் தெ எரேதியா 1877இல் தொடங்கியது, இன்றும் தன் பீப்பாய்களைத் தானே செய்துகொள்கிறது. இந்த 1877 எனக்கு ஏன் ஞாபகம் நிற்கிறது தெரியுமா? நம்ம பக்கத்து கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டதும் 1877இல்தான், அதில் ஒரு மரம் இன்னும் வேலி போட்டு நிற்கிறது. அங்கே ஒருவன் மரத்தை வறுத்துப் பீப்பாய் பூட்டிய அதே வருஷம், இங்கே நம்ம கொள்ளுப்பாட்டன்மாரின் தலையெழுத்தை மண்ணில் ஊன்றியிருக்கிறார்கள்.

வெயில்

சிவப்பு வைனை 'அறை வெப்பத்தில்' குடி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது, 16இலிருந்து 18 டிகிரி. நம்ம வீட்டுக் கூடம் மத்தியானம் 31 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் காணாமல் போகும். சிவப்பு வைன் பிடிக்கவில்லை என்று நம்ம ஊரில் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்காதது வைன் இல்லை, சூடு.

அதனால் வெட்கப்படாமல் ஐஸ்பெட்டியில் வையுங்கள். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே வைத்து, பரிமாறுகிற நேரத்தில் எடுங்கள். மறந்துவிட்டீர்களா, ஒரு வாளியில் பாதி ஐஸ் பாதித் தண்ணீர் விட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை இறக்குங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் லேட்டாகும், தண்ணீர்தான் குளிரைப் பாட்டிலோடு ஒட்டவைக்கும். நான் 15 டிகிரி பக்கமே இறக்கிவிடுவேன், நம்ம ஊரில் கிளாசில் ஊற்றிக் கால் மணி நேரத்தில் தானே 20க்கு ஏறிவிடுமே. கையால் தொட்டால் 'சில்' என்று இருக்க வேண்டும், பீர் மாதிரி பல் கூசக்கூடாது. ரொம்பக் குளிர்ந்துவிட்டால் துவர்ப்புதான் தூக்கும், கொஞ்சம் பொறுங்கள், சரியாகிவிடும். கிளாசில் ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள். மச்சான் போட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இங்கே சொல்லிவிட்டேன்.

வாங்கிவந்த பாட்டிலை எங்கே வைப்பது? சமையலறை அலமாரியின் மேல்தட்டிலும் ஐஸ்பெட்டியின் தலையிலும் வேண்டாம், வீட்டிலேயே சூடான இடம் அவைதான். கட்டிலுக்கு அடியில், படுக்கவைத்து, துணி சுற்றி வையுங்கள். படுத்திருந்தால் கார்க் ஈரமாகவே இருக்கும், சுருங்கிக் காற்று விடாது. அப்படியும் நம்ம சூட்டில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கிற ஆசை இருந்தால் அதற்கென்று குளிர்பெட்டி வாங்குகிற வசதியும் வேண்டும். நம்ம வழி, வாங்கு, குடி. ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் பாட்டிலைப் பின்பெட்டியில் போடாமல், முன்சீட்டின் காலடியில், ஏர்கோன் காற்றுபடுகிற இடத்தில் வையுங்கள், கடைசிக் கடையாக வைன் கடைக்குப் போங்கள்.

திறந்து ஊற்றுவது

கார்க் திருகி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கத்தியை வைத்துக் கார்க்கை உள்ளே தள்ளுகிற வேலை வேண்டாம். கிளாஸ் என்றால் வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ். எவர்சில்வர் டம்ளரில் மணமே தெரியாது, நான் முயற்சி செய்துவிட்டேன். மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும், மிச்ச இடம் மணம் சேர்வதற்கு. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கை உள்ளே விட்டு முகருங்கள், யாரும் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

கிரியான்சாவை அரை மணி நேரம் முன்னால் திறந்து வைத்தால் வாசம் பிரியும் என்பார்கள். பாட்டிலின் வாயளவுக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது, கிளாசில் ஊற்றிச் சுற்றுவதுதான் வேலை செய்யும்.

நம்ம வீட்டுக்கே உரிய சில தொந்தரவுகள் இருக்கின்றன. தலைக்கு மேலே மின்விசிறி மூன்றில் சுற்றினால் கிளாசிலிருந்து எழுகிற மணம் உங்கள் மூக்குக்கு வராமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், ஒன்றில் வையுங்கள். சாம்பிராணி போட்ட வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு எந்த வைனும் எடுபடாது. வெற்றிலை போட்ட வாய்க்கும் அதே தீர்ப்புதான்.

முகர்ந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத் துணி மாதிரி நாறினால் கார்க் கெட்டுப்போன பாட்டில், வைன் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். காடி மாதிரி சுள்ளென்று அடித்தால் புளித்துவிட்டது. எரிந்த ரப்பர் மாதிரி, அழுகின முட்டை மாதிரி அடித்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், கிளாசில் நன்றாகச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், பல நேரம் பறந்துவிடும். அந்த மணத்தை நம்ம ஊர்க்காரர்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்க உலகத்தில் யாராலும் முடியாது, தோட்டத்துக்குள் ரப்பர் கட்டிப்பால் மூட்டை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளில் போய் வளர்ந்தவர்கள் நாம்.

எதோடு சாப்பிடுவது

இங்கேதான் மிளகாய் வருகிறது. மிளகாயின் காரம், வைனின் சாராயச் சூட்டையும் துவர்ப்பையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும். சிலி பாடி என்ற குட்டி மிளகாயைக் கடித்த வாயில் 14 விழுக்காடு வைனை ஊற்றுவது தீயில் எண்ணெய்தான். கொழுப்பும் உப்பும் நேர்மாறு, துவர்ப்பை மழுக்கிவிடும். ஆகவே கணக்கு இதுதான்: மிளகாய் குறைவு, மிளகு சரி, கொழுப்பு நல்லது, உப்பு நல்லது, புளி குறைவு.

ரியோஹாக்காரர்கள் இந்த வைனோடு சாப்பிடுவது ஆட்டுக்குட்டி. வெட்டிய திராட்சைக் கொடிச் சுள்ளிகளை எரித்து அந்தத் தணலில் சின்ன விலா எலும்புக் கறியை வாட்டுகிறார்கள். இன்னொன்று, உருளைக்கிழங்கைச் சோரிசோ என்ற, புகையூட்டிய மிளகாய்ப்பொடி போட்ட தொத்திறைச்சியோடு வேகவைத்த குழம்பு. அந்த மிளகாய்ப்பொடியில் நிறம் அதிகம், காரம் குறைவு. இரண்டையும் கேட்டதும் எனக்கு நம்ம வீட்டு ஆட்டுக்கறிப் பிரட்டலும் உருளைக்கிழங்கும்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே பிரட்டலை இந்த வைனுக்கென்று கொஞ்சம் மாற்றிச் செய்கிறோம். ஒரு கிலோ ஆட்டுக்கறி, எலும்போடு, கொழுப்பை வெட்டி எறியாமல். எண்ணெயில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, அப்புறம் பெரிய வெங்காயம் மூன்று பொடியாக நறுக்கி, நிறம் நன்றாக மாறும் வரை வதக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. இஞ்சி பூண்டு. மிளகாய்த்தூள் வழக்கமாக மூன்று கரண்டி போடுகிற அம்மா இதற்கு ஒன்றுதான் போடுவார், மிச்ச காரத்துக்கு இடித்த மிளகு. மல்லித்தூள், சோம்பு. தக்காளி ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். கறி வெந்து தண்ணீர் வற்றும் நேரத்தில், வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து அரைத்த தேங்காய் இரண்டு கை. கறிவேப்பிலை போட்டுச் சட்டியின் அடி லேசாகப் பிடிக்கும் வரை பிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அடிபிடித்த கருகல்தான் பீப்பாயின் கருகலோடு போய்ச் சேர்கிறது. வறுத்த தேங்காயும் அமெரிக்க ஓக்கின் தேங்காயும் வாய்க்குள் சந்திக்கிற இடத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது, ஒரு வாய் கறி, மென்று முழுங்கினதும் ஒரு மிடறு, நீங்களே பாருங்கள்.

காட்டுப்பன்றிப் பிரட்டல் கிடைக்கிற வீட்டில் பிறந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அந்தக் கறியின் முரட்டுத்தனத்துக்கு ரெசர்வாகூடத் தாங்கும். சீனக்கடை வாட்டின பன்றிக்கறி, மேலே இனிப்பு அதிகம் பூசாததாக இருந்தால், நன்றாகப் போகும். பாக் குட் தே என்ற சீனப் பன்றிக்கறிச் சூப்பில் அன்னாசிப்பூவும் பட்டையும் இருப்பதால் எதிர்பாராத பொருத்தம், ஆனால் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கறியோடு வைனுக்கு வாருங்கள், கொதிக்கிற சூப்பும் வைனும் ஒரே வாயில் வேண்டாம். சாத்தே நல்லதுதான், கச்சான் குழம்பை லேசாகத் தொட்டுக்கொண்டால். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கறி என்றால் பரவாயில்லை, மீன் கறி என்றால் வேண்டாம்.

மீன் ஏன் வேண்டாம் என்றால், சிவப்பு வைனில் இருக்கும் இரும்புச்சத்து மீனின் எண்ணெயோடு சேர்ந்து ஒரு கவிச்சை வாடையைக் கிளப்பிவிடும், கருவாட்டில் இன்னும் மோசம். நெத்திலிச் சம்பலில் காரம், இனிப்பு, கவிச்சை என்று மூன்று எதிரியும் ஒரே தட்டில். ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் இவற்றுக்கு எதிரே வைன் சப்பென்று போய்விடும். வாழை இலைச் சாப்பாட்டில் இதெல்லாம் வரிசையாக வருமே என்றால், வரட்டும், கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிடும்போது வைனைக் குடியுங்கள், ரசத்துக்குப் போகும்போது கிளாசைத் தள்ளி வையுங்கள்.

சைவக்காரர்களை மறக்கவில்லை. சுட்ட கத்திரிக்காய், காளான் பிரட்டல், மொறுமொறுவென்று பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டி, மிளகு போட்ட சைவ ஆட்டுக்கறி எல்லாமே நன்றாகப் பொருந்தும். என் மனைவி செவ்வாய், வெள்ளி சைவம், அவர் கண்டுபிடித்ததுதான் காளான். தீபாவளி முறுக்கும் ஓமப்பொடியும் உப்பும் எண்ணெயுமாக இருப்பதால் முதல் கிளாசுக்கு அருமை. லட்டு, கேசரி பக்கம் போனால் வைன் காடி மாதிரி புளிக்கும், பலகாரத் தட்டு வருவதற்குள் கிளாசைக் காலி செய்துவிடுங்கள்.

எவ்வளவு

750 மில்லி பாட்டில், 14 விழுக்காடு என்றால் அதில் 105 மில்லி சுத்தச் சாராயம். 5 விழுக்காட்டு பீர் ஒரு டின் 320 மில்லி, அதில் 16. ஆக ஒரு பாட்டில் வைன் ஆறு டின்னுக்கும் மேல். மென்மையாக, ஜூஸ் மாதிரி நிறத்தில் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். நாங்கள் நாலு பேருக்கு ஒரு பாட்டில் திறக்கிறோம், ஆளுக்கு ஒரு கிளாஸ், கொஞ்சம் மேலே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் கணக்கு இல்லை. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் எத்தனை லயத்தைத் தின்றன என்று நமக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. என் தாத்தா குடித்தது வெறும் வயிற்றில், சம்பள நாளில், வீட்டுக்கு வெளியே. அதனால் எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார், சோறு மேசைக்கு வராமல் கார்க் திறக்கக்கூடாது. பாட்டி இருந்திருந்தால் அதற்கும் சம்மதித்திருக்க மாட்டார்.

21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்பது இங்கே சட்டம். 2020இல் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருக்கக்கூடாது என்று குறைத்துவிட்டார்கள். ஒரு கிளாஸ்தானே என்று சாவியை எடுக்காதீர்கள், திண்ணையில் பாய் போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற வீட்டில் மட்டும் குடியுங்கள். பெருநாள் விருந்துக்கு மலாய் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் வைனை ராத்திரிக்கு ஒத்திவையுங்கள், அவர்கள் தட்டும் கிளாசும் தனியாக இருக்கட்டும், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிச்சம்

மிஞ்சினால் அதே கார்க்கை இறுக்கி அடைத்து, நிமிர்த்தி, ஐஸ்பெட்டியில் வையுங்கள். படுக்கவைத்தால் காற்று படுகிற பரப்பு கூடிவிடும். மூன்று நாள் தாங்கும், மூன்றாம் நாள் பழம் வாடியிருக்கும், குடிக்கலாம். அதற்கு மேல் போனால் கறி ஊறவைக்க ஒரு கை ஊற்றிக்கொள்ளலாம், காடி சேர்க்கிற இடத்தில். அடியில் கொஞ்சம் கசடு தங்கியிருந்தால் பயப்படாதீர்கள், நிறமும் துவர்ப்பும் சேர்ந்து படிந்தது அது, வடித்துவிட்டால் போதும்.

பாட்டிலை எறியாதீர்கள். அம்மா சுடுதண்ணீரில் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்து வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி வைக்கிறார். கருத்த கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடாது என்பதால் எண்ணெய் சீக்கிரம் காறல் அடிப்பதில்லை. லேபிளை மட்டும் உரிக்கவிடாமல் மாமா தடுத்துவிட்டார், அடுத்த தீபாவளிக்கு அதே பாட்டிலைக் கடையில் காட்டி வாங்க வேண்டுமாம்.